வன்தட்டை இரட்டிப்பாக்கிய மென்பொருள்

1990ஆம் ஆண்டையொட்டிப் புழக்கத்திலிருந்த சொந்தக் கணிப்பொறிகள் பலவற்றில் வன்தட்டின் கொள்ளளவு 20 அல்லது 40 மெகாபைட்டுதான். இன்றைய கைப்பேசிப் படங்கள் பத்துப் பன்னிரண்டு போதும், அது நிரம்பிவிடும். பெரிய தட்டு வாங்கப் பணம் நிறைய வேண்டும். அந்நிலையில், 1990இல் அமெரிக்காவின் ஸ்டாக் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ‘ஸ்டாக்கர்’ என்ற மென்பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இருக்கின்ற தட்டிலேயே ஏறத்தாழ இரு மடங்கு செய்தியை வைக்கலாம் என்றது!

இது எவ்வாறு இயலும்? லெம்பல், ஸிவ் என்னும் இஸ்ரேலிய அறிஞர்கள் 1977இல் வெளியிட்ட முறையே இதற்கு அடிப்படை. ஒரு கடிதத்தில் ‘கலிபோர்னியா’ என்ற சொல் பத்து முறை வருவதாகக் கொள்வோம். முதல் முறை மட்டும் முழுதாக எழுதி, பிறகு ‘இத்தனை எழுத்து பின்னே போய் இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்’ என்று குறித்தால் போதுமல்லவா? தேவைப்படும்போது மூலம் ஓர் எழுத்தும் குறையாமல் திரும்பக் கிடைக்கும்.

மிச்சத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. டாஸ் இயக்க முறைமை 40 மெகாபைட்டுத் தட்டைப் பொதுவாக 2048 பைட்டு கொண்ட கொத்துகளாகப் பிரித்துத் தரும். 100 பைட்டுக் கடிதத்துக்கும் ஒரு முழுக் கொத்து போய்விடும். சுருக்கும் மென்பொருளோ 512 பைட்டு அளவில் இடம் ஒதுக்கியது.

மென்பொருளை நிறுவும்போது அது கோப்புகளை ஒவ்வொன்றாகச் சுருக்கி, எல்லாவற்றையும் ஒரே பெரிய மறைகோப்புக்குள் அடுக்கியது. பழைய கணிப்பொறிகளில் இதற்கு மணிக்கணக்கில் ஆகும். அதன்பின் டாஸ் அந்த மறைகோப்பையே ‘சி’ தட்டு என்று நம்பிச் செயல்பட்டது. ‘மீதமுள்ள இடம்’ என்று திரையில் தெரிந்த எண்ணும் வெறும் மதிப்பீடுதான். இனி வரும் கோப்புகளும் இதே அளவு சுருங்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. ஏற்கெனவே சுருக்கப்பட்ட கோப்பை மீண்டும் சுருக்க முடியாது; அத்தகையவற்றை ஏற்றினால் பாதியிலேயே இடம் தீர்ந்துவிடும்.

ஒரே கோப்புக்குள் அனைத்தும் அடங்கியதால் ஆபத்தும் ஓரிடத்தில் குவிந்தது. 1993 மார்ச்சில் மைக்ரோசாப்ட் தன் டாஸ் 6.0 பதிப்பில் ‘டபுள்ஸ்பேஸ்’ என்ற சுருக்கியைச் சேர்த்தது. கோப்புகள் அழிந்தன என்று புகார்கள் எழுந்தன. பழி முழுவதும் சுருக்கியைச் சேராது என்பது என் கருத்து. அதே பதிப்பின் ‘ஸ்மார்ட்டிரைவ்’, தட்டில் எழுத வேண்டியதைச் சற்று நேரம் நினைவகத்தில் வைத்திருக்கும். அதற்குள் மின்விசையை அணைத்தால் எழுத்து பாதியில் நிற்கும். சாதாரணத் தட்டில் பெரும்பாலும் ஓரிரு கோப்போடு போகும் கேடு, இங்கே தட்டு முழுவதையும் பாதிக்கக்கூடும். 1993 நவம்பரில் வந்த 6.2 பதிப்பில் தட்டைச் சோதித்துப் பழுது நீக்கும் ‘ஸ்கேன்டிஸ்க்’ சேர்க்கப்பட்டது.

இதற்கிடையே, தன் காப்புரிமை மீறப்பட்டதென்று ஸ்டாக் வழக்குத் தொடுத்திருந்தது. 1994 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நடுவர் குழு ஸ்டாக்குக்கு 12 கோடி டாலர் இழப்பீடு என்று தீர்மானித்தது. வணிக இரகசியம் தொடர்பாக ஸ்டாக் 1.36 கோடி டாலர் தரவேண்டும் என்றும் கூறியது. 6.21 பதிப்பில் சுருக்கியே இல்லை. அவ்வாண்டு இரு நிறுவனங்களும் சமரசம் செய்துகொண்டன. 6.22 பதிப்பில் ‘டிரைவ்ஸ்பேஸ்’ என்ற பெயரில், வேறு கணக்கீட்டு முறையோடு சுருக்கி திரும்பியது.

பிறகு தட்டுகளின் விலை வேகமாகச் சரிந்தது; முழுத் தட்டையும் சுருக்கும் தேவை குறைந்தது. 1995இல் வெளிவந்த விண்டோஸ் என்டி 3.51 ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே சுருக்கும் வசதியைத் தந்தது. ஒன்று கெட்டாலும் மற்றவை அதனுடன் போவதில்லை.