ஷட்டர் கைப்பிடி எங்கே இருக்கிறது?

2008 நவம்பர் கடைசி வாரம். நிஷா புயல் காரைக்கால் பக்கம் கரையேறிய சமயம். ஒரத்தநாட்டில் மட்டும் ஒரே நாளில் சுமார் 66 சென்டிமீட்டர் மழை என்று மறுநாள் பேப்பரில் பார்த்தேன். நான் அப்போது கடைமடைப் பக்கம் மாமா வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தேன். ஊருக்குக் கிழக்கே ஆற்றின் குறுக்கே ஆறு கண் வைத்த ஒரு ரெகுலேட்டர். சாதாரண நாளில் ஷட்டரை இறக்கித் தண்ணீரைத் தேக்கி வாய்க்காலில் ஏற்றுவார்கள். வெள்ளம் வந்தால் தூக்கிவிட வேண்டும். தூக்காவிட்டால் மேலே இருக்கிற வயலெல்லாம் குளம்தான்.

ஷட்டர் தூக்க மோட்டார் இருந்தது. பச்சை பட்டன், சிவப்பு பட்டன் எல்லாம் இருந்தது. கரண்ட்தான் இல்லை. முதல் நாள் சாயங்காலமே போயிருந்தது.

ராத்திரி பத்து மணிக்கு லஸ்கர் வந்து மாமாவைக் கூப்பிட்டார். நாலைந்து பேர் டார்ச் எடுத்துக்கொண்டு போனோம். மோட்டாரைக் கழற்றிவிட்டு, கியர் பெட்டியின் பக்கவாட்டில் இருந்த தண்டில் இரும்புக் கைப்பிடியை மாட்டி, இரண்டு இரண்டு பேராக முறை வைத்துச் சுற்றினோம். ஒரு கண்ணுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. கைப்பிடி ஒன்றே ஒன்றுதான். ஆறாவது கண் ஏறி முடிந்தபோது விடிய ஆரம்பித்துவிட்டது.

"மோட்டார் எதுக்கு மாமா வச்சிருக்காங்க?" என்று கேட்டேன். மாமா கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கரண்டு இருந்தா அது சுத்தும். இல்லாட்டி நாம சுத்தணும். அவ்ளோதான் மாப்ள."

அந்த "அவ்ளோதான்" எனக்குள் ரொம்ப நாள் ஓடிக்கொண்டிருந்தது. காவிரி டெல்டா என்பது உலகத்தின் மிகப் பழைய கட்டுப்பாட்டு அமைப்புகளில் ஒன்று. தண்ணீர் எங்கே, எவ்வளவு போக வேண்டும் என்று தீர்மானிக்கிற ஒரு பெரிய இயந்திரம் என்றே அதைப் பார்க்கலாம். அப்படியானால் அந்த இயந்திரத்தைத் திருப்பும் சக்தி எங்கிருந்து வந்தது? காலம் போகப் போக அது எப்படி மாறியது? இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான்.

முதலில் கல்லணை. கரிகாலன் கட்டியதாக நாம் சொல்லும் பழைய அணையில் திறக்கவும் மூடவும் எதுவும் கிடையாது. காவிரியிலிருந்து கொள்ளிடம் பக்கம் இறங்கி ஓடிவிடப் பார்க்கும் தண்ணீருக்குக் குறுக்கே, வளைந்து நெளிந்து கிடக்கும் ஒரு கல் கட்டு. அளவான தண்ணீர் வந்தால் காவிரியிலேயே போகும். அளவுக்கு மேல் வந்தால் கட்டைத் தாண்டிக் கொள்ளிடத்தில் விழும். தீர்மானம் எல்லாம் கட்டின் உயரத்திலேயே இருக்கிறது. ஆள் வேண்டாம், கரண்ட் வேண்டாம், ராத்திரி பத்து மணிக்கு யாரையும் எழுப்ப வேண்டாம். இயக்கத் தேவையான சக்தி பூஜ்யம். ஆகவே சக்தி போய்விடுமே என்ற கவலையும் பூஜ்யம்.

அதன் குறையும் அதேதான். அணை நினைத்ததை மாற்றிக்கொள்ளாது. ஆறு மாறினால் அணைக்குத் தெரியாது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதுதான் நடந்தது. முக்கொம்புக்குக் கீழே காவிரி மணல் மேடிட்டது. சரிவு அதிகமான கொள்ளிடம் தண்ணீரை இழுத்துக்கொண்டது. தஞ்சாவூர் வயல்கள் காய்ந்தன. ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் மேலணையைக் கட்டி இதைச் சரி செய்தார். ஆனால் ஒரு இடத்தில் கை வைத்தால் இன்னொரு இடத்தில் கை வைக்க வேண்டி வரும். இப்போது காவிரிக்குள் தண்ணீர் கூடுதலாக வந்து படுகையை அரிக்க ஆரம்பித்தது. அதைத் தடுக்க, அடுத்த பத்தாண்டுக்குள் காவிரித் தலைப்பிலும் ஒரு அணை. 1880களில் கல்லணையிலேயே காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் ஷட்டர் வைத்த ரெகுலேட்டர்கள். 1934இல் மேட்டூர் அணை. அதனோடு சேர்த்து வெட்டிய கல்லணைக் கால்வாய்க்கும் தனி மதகு.

இப்படித்தான் அசையாத கல்லின் இடத்துக்கு அசையும் ஷட்டர் வந்தது. கட்டுப்பாடு கூடியது. கூடவே, அசைக்க ஒரு சக்தி தேவைப்பட்டது. அந்தச் சக்தி மனிதனின் கை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஷட்டரின் எடை 2 டன் என்று வைத்துக்கொள்வோம். அதை 1 மீட்டர் தூக்கச் சுமார் 19,600 ஜூல் வேலை. ஆனால் திருகுத் தண்டும் கியரும் உராய்விலேயே பெரும்பகுதியைத் தின்றுவிடும். கொடுப்பதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலேதான் ஷட்டருக்குப் போய்ச் சேரும். அப்படியானால் 89,000 ஜூல் கொடுக்க வேண்டும். ஒரு ஆள் தொடர்ந்து உழைத்தால் சுமார் 75 வாட் தருவார். ஆக 20 நிமிடம். துரு, தண்ணீர் அழுத்தம், இருட்டு எல்லாம் சேர்ந்தால் நாங்கள் பட்ட அரை மணி. இதையே ஒரு 1 எச்பி மோட்டார் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடும். அதாவது மிச்சர் அரைக்கிற அளவு மோட்டார், பத்து ஆளுக்குச் சமம். முப்பது கண் உள்ள ஒரு ரெகுலேட்டரில் ஒரே குழு கையால் சுற்றினால் பத்து மணி நேரம். மோட்டார் என்றால் ஒரு மணி நேரம். மோட்டார் ஏன் வந்தது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம்.

மின்சாரம் டெல்டாவுக்கு வந்த கதையும் காவிரியிலேயே தொடங்குகிறது. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம். 1937இல் மேட்டூர் அணையடியிலேயே மின் நிலையம். அங்கிருந்து திருச்சி, தஞ்சாவூர், நாகப்பட்டினம் வரை கம்பி இழுத்தார்கள். வயலுக்குத் தண்ணீரும் ஊருக்கு வெளிச்சமும் ஒரே அணையிலிருந்து. ஆனால் மேட்டூரில் பாசனத்துக்குத் தண்ணீர் விட்டால்தான் டர்பைனும் நன்றாகச் சுற்றும். ஜூன் 12இலிருந்து ஜனவரி 28 வரை என்பது வழக்கம். மற்ற மாதங்களில் உற்பத்தி படுத்துவிடும். அதனால்தான் பைக்காராவையும் மேட்டூரையும் ஈரோட்டில் இணைத்தார்கள். ஒரே மூலத்தை நம்பக் கூடாது என்ற பாடம் அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

ஆனால் மின் நிலையத்தில் கற்ற பாடம் கடைசிக் கம்பத்துக்கு வந்து சேருவதில்லை. கடைமடை ரெகுலேட்டருக்கு வரும் மின்சாரம் பம்புசெட்டுக்குப் போகும் அதே கிராமத்து லைன். அதன் குணங்கள் டெல்டா விவசாயி ஒவ்வொருவருக்கும் தெரியும்.

முதலாவது, லோ வோல்டேஜ். 415 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 300தான் வருகிறது என்று வையுங்கள். மோட்டாரின் திருப்பு விசை வோல்டேஜின் இருமடிப்படி குறையும், பாதிதான் மிஞ்சும். சேறு பிடித்து இறுகிப்போன ஷட்டரை முதல் அசைவில் பெயர்க்கத்தான் அதிக விசை வேண்டும். அந்த நேரத்தில் மோட்டார் முனகிக்கொண்டு நிற்கும்.

இரண்டாவது, ஒரு பேஸ் போய்விடுவது. மூன்று பேஸில் ஒன்று இல்லையென்றால் நின்றிருக்கும் மோட்டார் கிளம்பாது. ஓடிக்கொண்டிருந்தால் மற்ற இரண்டில் அதிக கரண்ட் இழுத்துச் சூடேறிக் காயில் கருகும்.

மூன்றாவதுதான் எனக்குப் பயம் தருவது. புயலுக்குப் பிறகு அறுந்த லைனை இணைக்கும்போது இரண்டு பேஸ் இடம் மாறிவிடும். பம்புசெட்டில் இது நடந்தால் "மோட்டார் ரிவர்ஸ்ல சுத்துது" என்று சிரித்துக்கொண்டே ஒயரை மாற்றிக் கொடுப்பார்கள். ஷட்டரில் நடந்தால்? மேலே போகச் சொல்லும் பட்டனை அழுத்தினால் ஷட்டர் கீழே இறங்கும். மேல் எல்லையில் நிறுத்த வேண்டிய லிமிட் சுவிட்ச் மேலேதான் இருக்கிறது, அது வேலை செய்யாது. கீழ் எல்லைச் சுவிட்ச் இந்தப் பட்டனின் சர்க்யூட்டிலேயே இல்லை. ஷட்டர் அடியில் முட்டிய பிறகும் மோட்டார் தள்ளும். திருகுத் தண்டு வளைந்துவிடும். அதற்குப் பிறகு கையாலும் சுற்ற முடியாது. பேஸ் வரிசை தவறினால் மோட்டாரைக் கிளம்பவிடாத ஒரு சின்ன ரிலே இதைத் தடுத்துவிடும். பழைய பெட்டிகள் பலவற்றில் அது கிடையாது.

இதெல்லாம் தனித்தனிக் கோளாறு. இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரே ஒரு உண்மை இருக்கிறது. ஷட்டருக்கு மின்சாரம் தேவைப்படும் இரவும், மின்சாரம் போகும் இரவும் ஒன்றேதான். இரண்டுக்கும் காரணம் ஒரே புயல். வருடத்தில் 360 நாள் கரண்ட் ஒழுங்காக வருகிறது என்ற புள்ளிவிவரம் இங்கே ஒன்றுக்கும் உதவாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களுக்குக் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது.

இது நம் ஊர் விஷயம் மட்டுமல்ல. ஸ்பெயினில் ஹூக்கார் ஆற்றில் தோவுஸ் என்று ஒரு அணை. 1982 அக்டோபர் 20, பேய் மழை. வெள்ள மதகைத் திறக்க வேண்டும். மழையிலேயே மின்சாரம் போய்விட்டது. இரண்டு டீசல் ஜெனரேட்டர் இருந்தன. ஒன்று ரிப்பேரில், இன்னொன்று கிளம்பவில்லை. கையால் திறக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. தண்ணீர் அணைக்கு மேலே ஏறி வழிந்தது, அணை உடைந்தது. மூன்று அடுக்குப் பாதுகாப்பு, மூன்றும் ஒரே நாளில் கைவிட்டன.

ஜெனரேட்டர் வைத்திருக்கிறோம் என்று சொல்வது ஒன்று. அது கிளம்புவது இன்னொன்று. வருடத்தில் பதினொரு மாதம் சும்மா கிடக்கும் ஜெனரேட்டரின் பேட்டரி பன்னிரண்டாவது மாதம் செத்திருக்கும். மாதம் ஒருமுறை ஓட்டி, உண்மையிலேயே ஒரு ஷட்டரைத் தூக்கிப் பார்த்தால் மட்டுமே அது இருப்பதாக அர்த்தம். வெள்ளம் எட்டாத மேடையில் இருக்க வேண்டும் என்பதையும் சொல்லணும். 2011இல் ஃபுகுஷிமா அணு உலையில் கீழ்த்தளத்தில் இருந்த ஜெனரேட்டர்களைத்தான் கடல் மூழ்கடித்தது.

வெண்ணாற்று உபவடிநிலத்தில் ஆறுகளையும் ரெகுலேட்டர்களையும் சீரமைக்க ஆசிய வளர்ச்சி வங்கி 2016இல் 10 கோடி டாலர் கடன் ஒப்புக்கொண்டது. பழைய ஷட்டர்கள் மாறுகின்றன, மாறத்தான் வேண்டும். எங்கோ உட்கார்ந்து பட்டன் அழுத்தும் காலமும் வரும். வரட்டும். என் ஆசை ஒன்றுதான். புதிய கியர் பெட்டியிலும் கைப்பிடி மாட்ட ஒரு தண்டு இருக்க வேண்டும். பழைய அமைப்பை எடுத்துவிடாமல் அதற்கு மேலேயே புதியது உட்கார வேண்டும்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. போன வருடம் அதே ரெகுலேட்டருக்குப் போயிருந்தேன். மாமா இப்போது இல்லை. லஸ்கரும் ஓய்வு பெற்றுவிட்டார். தண்டு இருந்தது, கிரீஸும் போட்டிருந்தார்கள். கைப்பிடியைக் காணோம். பூட்டிவைத்திருக்கிறார்கள், சாவி வேறு இடத்தில் என்றார்கள். காரணம் நியாயமானதுதான். கைப்பிடி வெளியே கிடந்தால் கோடையில் மேல் ஊர்க்காரர் இறக்குவார், கீழ் ஊர்க்காரர் ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்குவார். அடிதடியே நடந்திருக்கிறது.

யார் வேண்டுமானாலும் சுற்றலாம் என்றால் அது கட்டுப்பாடு ஆகாது. தேவைப்படும் நேரத்தில் யாராலும் சுற்ற முடியாது என்றால் அதுவும் கட்டுப்பாடு ஆகாது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு சாவி, அதை வைத்திருக்கும் ஒரு ஆள், மழையில் அவர் வந்து சேரக்கூடிய தூரம். அன்றைக்கு லஸ்கர் கூப்பிடு தூரத்தில் இருந்தார். எந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்றும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அந்த வருஷம் மாமாவின் சம்பாப் பயிர் தப்பியது.

உங்கள் ஊரில் ஒரு ரெகுலேட்டர் இருந்தால், ஐப்பசி பிறப்பதற்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள். மோட்டார் ஓடுகிறதா என்று கேட்பதற்கு முன்னால், கைப்பிடி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.