பிரேக் ஆயில்: ஒரு சிறு வரலாறு

முன்னுரை

வேகமாக ஓடும் காரை நிறுத்த ஓட்டுநர் மிதியை அழுத்துகிறார். அந்த விசையைச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்வது சுமார் ஒரு லிட்டருக்கும் குறைவான ஒரு திரவம். பணிமனைகளில் அதற்குப் 'பிரேக் ஆயில்' என்று பெயர். ஆனால் இன்று பெரும்பாலான வண்டிகளில் இருப்பது எண்ணெயே அல்ல. இந்தப் பெயர் எப்படி வந்தது, அதை ஏன் காலம் பார்த்து மாற்ற வேண்டும் என்பதற்கு அதன் வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

கம்பியிலிருந்து திரவத்திற்கு

தொடக்ககாலக் கார்களில் இரும்புக் கோல்களும் கம்பிகளும்தான் பிரேக்கை இயக்கின. அவை தளர்ந்தால் ஒரு சக்கரம் முந்திப் பிடிக்கும், மற்றொன்று பிந்தும். வண்டி ஒரு பக்கம் இழுக்கும். மூடிய திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கலின் விதி 1663இலேயே அச்சாகியிருந்தது. அதைக் கார் பிரேக்கில் வெற்றிகரமாகப் பயன்படுத்தியவர் அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட். 1917இல் அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1921இல் பிரெஞ்சு கிராண்ட் பிரி பந்தயத்தில் வென்ற டூசன்பர்க் காரில் திரவ பிரேக் இருந்தது.

முதலில் இருந்த தோல் வளையங்களில் கசிவு ஏற்பட்டது. கிரைஸ்லரின் பொறியாளர்கள் அவற்றுக்குப் பதிலாக ரப்பர் வளையங்களை வைத்தனர். 1924இல் வெளிவந்த கிரைஸ்லர் காரின் நான்கு சக்கரங்களிலும் திரவ பிரேக் இருந்தது. கம்பி பிரேக்கை விடாமல் வைத்திருந்த ஃபோர்டு நிறுவனமும் 1939ஆம் ஆண்டு மாடல்களில் இதற்கு மாறியது.

ஆமணக்கு எண்ணெய்க் காலம்

ரப்பர் வந்ததும் வேறொரு சிக்கலும் வந்தது. பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிக் கெடும். ஆமணக்கு எண்ணெய் அதற்கு அவ்வளவாகத் தீங்கு செய்யாது. எனவே ஆமணக்கு எண்ணெயையும் ஆல்கஹாலையும் கலந்து பல ஆண்டுகள் பயன்படுத்தினார்கள். 'ஆயில்' என்ற பெயர் அக்காலத்துக்குப் பொருத்தமானதே. ஆனால் ஆல்கஹால் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். கடுங்குளிரில் கலவை கெட்டியாகும்.

1953இல் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் லெ மான் பந்தயத்தில் வென்றது. 1955இல் சிட்ரோயன் டி.எஸ். காரின் முன்சக்கரங்களிலும் டிஸ்க் வந்தது. பிரேக்கின் வெப்பம் கூடக்கூட, அதிக கொதிநிலை உள்ள கிளைக்கால் வகைத் திரவங்களின் தேவையும் கூடியது.

நீர் என்னும் பகை

கிளைக்கால் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். குழாய், தொட்டி மூடி வழியாக ஈரம் மெல்ல உள்ளே சேரும். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் 'டாட்' தரவரிசை இதைக் கணக்கில் கொண்டே இரண்டு கொதிநிலைகளைக் குறிக்கிறது. டாட் 3 புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் சேர்ந்தபின் அந்த வரம்பு 140. டாட் 4க்கு இவை 230, 155.

நீண்ட மலையிறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்தால், ஈரம் சேர்ந்த பழைய திரவம் கொதித்து ஆவியாகலாம். திரவம் சுருங்காது, ஆவி சுருங்கும். அப்போது மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. சூடு ஆறியதும் பிரேக் பழையபடி பிடிக்கும். ஆகவே பின்னர் சோதிப்பவருக்குப் பழுது எதுவும் தென்படாமலும் போகலாம். ஈரம் உள்ளே துருவையும் உண்டாக்கும்.

மாற்றும் காலமும் முறையும்

பல தயாரிப்பாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். வண்டி குறைவாக ஓடினாலும் ஈரம் சேரும் என்பதால் கிலோமீட்டரை மட்டும் பார்ப்பது போதாது. தொட்டியில் குறைந்ததை ஊற்றி நிரப்புவதும் மாற்றுவது ஆகாது. அளவு குறைந்தால் பிரேக் பேட் தேய்ந்திருக்கலாம், அல்லது கசிவு இருக்கலாம்.

மாற்றும்போது தொட்டியிலுள்ள பழையதை உறிஞ்சி எடுத்துப் புதியதை ஊற்றுவார்கள். ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் சக்கரத்திலுள்ள நிப்பிளைத் திறந்து பழையதை வெளியேற்றுவார். மிதியை விடுவதற்கு முன் நிப்பிளை மூடிவிட வேண்டும். குமிழ் இல்லாமல் தெளிந்த திரவம் வரும்வரை ஒவ்வொரு சக்கரத்திலும் இப்படியே செய்வார்கள். எந்தச் சக்கரம் முதலில் என்பது வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டைப் பார்க்க வேண்டும். ஏ.பி.எஸ். உள்ள சில வண்டிகளுக்குக் கணினிக் கருவியும் தேவை. தொட்டி காலியானால் காற்று புகுந்துவிடும். பல நாள் திறந்து கிடந்த டப்பாவைப் பயன்படுத்தக் கூடாது. திரவம் பெயிண்ட் மேல் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். சிலிக்கோன் வகையான டாட் 5ஐ மற்றவற்றோடு கலக்கக் கூடாது.

முடிவுரை

தோல் போய் ரப்பர் வந்தது, ஆமணக்கு எண்ணெய் போய் கிளைக்கால் வந்தது, பெயர் மட்டும் மாறவில்லை. அந்தப் பெயரை நம்பி எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் வளையங்கள் ஊதி, பிரேக்கே செயலிழந்துவிடும். தொட்டியின் மூடியில் அச்சிட்டிருக்கும் டாட் எண்ணைப் படித்து, அதே வகையை உரிய காலத்தில் மாற்றுவது உயிர் காக்கும் பழக்கம்.