கொல்கத்தா நூற்பதிவு மரபும் இணையத் தமிழ்த் தேடலும்

1. முன்னுரை

தமிழ் மொழியியலுக்கும் மொழிபெயர்ப்புக்கும் வேண்டிய அகராதிகள், இலக்கணங்கள், பழம்பதிப்புகள், ஆய்வேடுகள் ஆகியவற்றுள் பல இன்று கட்டணமின்றி இணையத்தில் கிடைக்கின்றன. எனினும், ஒரு நூல் இணையத்தில் இருப்பதும், அது தேடுவோர் கைக்கு எட்டுவதும், எட்டியதை நம்பி மேற்கோள் காட்டுவதும் வெவ்வேறு நிலைகளாகும். இம்மூன்றையும் இணைப்பது நூலகப் பதிவே. பதிவு பிழைபடின் நூல் இருந்தும் இல்லாததாகிறது. அல்லது ஒரு பதிப்பு வேறொரு பதிப்பாகக் கொள்ளப்படுகிறது.

தமிழ் நூல்கள் அனைத்திந்தியப் பதிவுக்குள் வந்த முறையை வகுத்ததில் கொல்கத்தாவுக்குப் பெரும் பங்குண்டு. அப்பதிவின் வரலாற்றை அறிவது இன்றைய தரவுத்தளத் தேடலுக்கு எவ்வாறு துணைபுரியும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. தேசிய நூலகமும் தேசிய நூலடைவும்

அச்சிட்ட தமிழ் நூல்களைப் பொருள்வாரியாகத் தொகுத்த முன்னோடிப் பணி ஜான் மர்டாக் 1865-இல் வெளியிட்ட பட்டியலாகும். 1867-ஆம் ஆண்டின் அச்சகம் மற்றும் நூற்பதிவுச் சட்டம், அச்சாகும் நூல்களை அரசு பதிவு செய்ய வழிவகுத்தது. பிரித்தானிய அருங்காட்சியகத்திலுள்ள தமிழ் நூல்களுக்கு பார்னெட்டும் போப்பும் தொகுத்த பட்டியல் 1909-இல் வெளிவந்தது. இவற்றுள் பட்டியல்கள் இரண்டும் தமிழைத் தனியே நோக்கிய முயற்சிகளாகும்.

தமிழைப் பிற இந்திய மொழிகளோடு ஒரே வரிசையில் நிறுத்தும் பணி கொல்கத்தாவில் நிகழ்ந்தது. 1903-இல் மெட்காஃப் மண்டபத்தில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட இம்பீரியல் நூலகம் 1948-இல் தேசிய நூலகம் எனப் பெயர் மாறி, 1953 முதல் பெல்வெடர் மாளிகையில் இயங்கியது. 1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டம், இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியையும் பதிப்பாளர் தம் செலவில் இந்நூலகத்துக்கு அனுப்ப வேண்டும் என விதித்தது. அவ்வாறு வந்த நூல்களைக் கொண்டு, 1955-இல் நிறுவப்பட்ட மத்திய மேற்கோள் நூலகம் இந்தியத் தேசிய நூலடைவைத் தயாரித்தது. பி. எஸ். கேசவன் முன்னின்று நடத்திய இவ்வடைவு 1958-இல் வெளிவரத் தொடங்கியது. 1901 முதல் 1953 வரையிலான நூல்களுக்குச் சாகித்திய அகாதெமி நான்கு தொகுதிகளில் வெளியிட்ட இந்திய இலக்கிய நூலடைவிலும் அவர் பங்கேற்றார்.

3. உரோமன் எழுத்தில் தமிழ்

இவ்விரு நூலடைவுகளும் எல்லா மொழி நூல்களையும் உரோமன் எழுத்திலேயே பதிந்தன. பல எழுத்துமுறைகளில் அமைந்த நூல்களை ஒரே வரிசையில் அடுக்க அன்று வேறு எளிய வழியில்லை. தமிழறியாத நூலகரும் ஒரு தமிழ் நூலை இடமறிந்து எடுக்க இம்முறை உதவியது.

தேசிய நூலகத்தின் பெயரால் வழங்கும் எழுத்துப்பெயர்ப்பு முறை, வடமொழிக்கென ஐரோப்பிய அறிஞர் வகுத்த முறையின் விரிவாகும். வடமொழியில் எகர ஒகரக் குறில்கள் இல்லை. ஆதலின் அங்கு ஏகார ஓகாரங்களுக்கு நெடிற்குறி தேவைப்படவில்லை. திராவிட மொழிகளையும் உள்ளடக்கியபோது, குறில் நெடில் வேறுபாட்டைக் காட்ட அவ்வுயிர்களுக்கும் மேற்கோடு இடப்பட்டது. ணகர ளகரங்களுக்குக் கீழ்ப்புள்ளியும், ழகர றகர னகரங்களுக்குக் கீழ்க்கோடும் அமைந்தன. இக்குறிகள் இருக்கும்வரை தமிழ்ச் சொல்லின் வடிவம் முழுமையாகக் காக்கப்பட்டது. பதிவு, தமிழ் எழுத்துக்கு மீளக்கூடியதாக இருந்தது.

4. கணினிப் பதிவும் தேடற் சிக்கலும்

அட்டைகளும் அச்சடைவுகளும் கணினித் தரவுகளானபோது இரு சிக்கல்கள் எழுந்தன. முதலாவது, துணைக்குறிகளின் இழப்பு. சில பதிவுகளில் அவை தட்டச்சு செய்யப்படவில்லை. பல தேடுபொறிகள் அவற்றைக் கருத்தில் கொள்வதில்லை. குறிகளை நீக்கினால் எரி, எறி, ஏரி, ஏறி ஆகிய நான்கும் ஒரே சொல்லாகின்றன. கலை, காலை, களை, காளை, கழை ஆகிய ஐந்தும் அவ்வாறே. இதனால் தேவையற்ற நூல்கள் தேடலில் வந்து குவிகின்றன.

இரண்டாவது சிக்கல் இதனினும் பெரிது. வேண்டிய நூல் தேடலில் வாராமலே போகிறது. சங்கம் என்னும் சொல்லின் முதலெழுத்தை நூலகமுறை சி என்னும் உரோமன் எழுத்தாலும், பொதுவழக்கு எஸ் என்னும் எழுத்தாலும் குறிக்கின்றன. ழகரத்தை நூலகமுறை எல் எழுத்தின் கீழ்க்கோட்டாலும், பொதுவழக்குப் பெரும்பாலும் இசட், எச் ஆகிய ஈரெழுத்தாலும் காட்டுகின்றன. தமிழிலக்கிய வரலாறு எனச் சேர்த்தெழுதிய தலைப்பும், தமிழ் இலக்கிய வரலாறு எனப் பிரித்தெழுதிய தலைப்பும் கணினிக்கு வெவ்வேறாகும். சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாதையர் என்னும் பெயர்வடிவங்களை ஒருங்கிணைக்கும் பெயர்ப்பதிவு இல்லாத இடத்தில், ஒரே பதிப்பாசிரியர் மூவராகிறார்.

ஆகவே, ஒரு தேடலில் நூல் கிடைக்காமை அந்நூல் இல்லை என்பதற்குச் சான்றாகாது. ஒரு சொல்லின் முதல் ஆட்சியை நிறுவ முயலும் அகராதியியலாளரும், ஒரு நூலுக்கு முன்மொழிபெயர்ப்பு இல்லை எனக் கூற முற்படும் மொழிபெயர்ப்பாளரும் இதனை மனத்திற்கொள்ள வேண்டும்.

5. கிடைப்பதும் நம்பத்தக்கதும்

மேற்கு வங்கத்திலுள்ள கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கி, 2018-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட இந்தியத் தேசிய மின்னூலகம், பல நிறுவனங்களின் பதிவுகளை ஒரே இடத்தில் தேடத் தருகிறது. இத்தகைய திரட்டுத் தளம் மூல நிறுவனத்தின் பதிவையே பெரிதும் சார்ந்துள்ளது. அங்குள்ள பிழை இங்கும் தொடரும். முன்னர் நடைபெற்ற இந்திய மின்னூலகத் திட்டத்தில் வருடப்பட்ட நூல்கள் பலவற்றின் தலைப்பும் ஆசிரியர் பெயரும் பிழையாகப் பதியப்பட்டு, அப்பிழைகளோடு வேறு களஞ்சியங்களுக்கும் சென்றமை இதற்குச் சான்றாகும்.

பழம்பதிப்புகளின் ஆண்டுக்குறிப்பும் கவனத்துக்குரியது. முகப்பில் அறுபதாண்டுச் சுழற்சிப் பெயர் மட்டும் இருப்பின் அதனை ஆங்கில ஆண்டாக மாற்றுபவர் தவறக்கூடும். சர்வசித்து என்பது 1827, 1887, 1947 ஆகிய மூன்றில் தொடங்கிய ஆண்டுகளுக்கும் உரிய பெயராகும். எனவே பதிவிலுள்ள ஆண்டை முகப்புப் பக்கத்தோடு ஒப்பிடுதல் இன்றியமையாதது.

பதிவு சரியாக இருப்பினும் நூலின் எல்லையை அறியாமல் பயன்படுத்துவது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். கிரியர்சனின் இந்திய மொழிகளின் அளவீட்டில், முண்டா, திராவிட மொழிகளுக்கான நான்காம் தொகுதி 1906-இல் கல்கத்தாவில் அச்சாயிற்று. ஸ்டென் கோனோ தொகுத்த இது, இன்று சிக்காகோ பல்கலைக்கழகத்தின் தென்னாசிய மின்னூலகத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஆனால் அவ்வளவீடு சென்னை மாகாணத்தில் நடத்தப்படவில்லை. தமிழ் பெருவழக்காகப் பேசப்பட்ட நிலப்பகுதியே எல்லைக்கு வெளியே நின்றமையால், தமிழின் வட்டார வழக்குப் பரவலுக்கு இத்தொகுதியை மட்டும் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது. அதே தளத்திலுள்ள சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் ஒரு சொல்லை மட்டும் தேடி எடுப்பவர், மேற்கோள் நூல்களின் சுருக்கக் குறியீட்டு விளக்கத்தைக் காணாது போகக்கூடும்.

மின்னூலகங்கள் தரும் வளங்களுள் வருடிய பக்கவுருவும் மறுதட்டச்சு செய்த மின்னுரையும் வேறானவை. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னுரைகள் சொற்றேடலுக்குப் பெரிதும் பயன்படுகின்றன. பாடவேறுபாட்டை ஆராய்வோர் அவற்றிலிருந்து மூலப்பதிப்பின் பக்கவுருவுக்குச் செல்ல வேண்டும். 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முற்பட்ட ணா, றா, னா, லை, ளை முதலிய பழைய வடிவங்களைக் கணினி தவறாக உணர்வதுண்டு. எனவே எழுத்துணரி தந்த உரையையும் பக்கவுருவோடு ஒப்பிட்டே கொள்ள வேண்டும்.

6. முடிவுரை

மேற்கண்டவற்றால் சில நடைமுறைகள் பெறப்படுகின்றன. தமிழ் எழுத்து, நூலகமுறை உரோமன் எழுத்து, பொதுவழக்கு உரோமன் எழுத்து ஆகிய மூன்றிலும் தேடுதல் வேண்டும். தலைப்பால் கிடைக்காத நூலைப் பதிப்பகம், ஆண்டு, ஆசிரியர் வழியாகத் தேடலாம். 1865, 1909 ஆண்டுப் பட்டியல்களையும் தேசிய நூலடைவையும் ஒப்பிட்டுப் பதிப்பை உறுதி செய்யலாம். மேற்கோளில் பயன்படுத்திய படியின் பதிப்பாண்டையும், அதனை வழங்கிய களஞ்சியத்தின் பெயரையும் சேர்த்துக் குறிப்பது பின்வருவோர்க்கு உதவும்.

கொல்கத்தா வகுத்த உரோமன் பதிவு அக்காலத் தேவைக்கு ஏற்றதாகவே அமைந்தது. இன்று மூல எழுத்தையும் உரோமன் எழுத்தையும் ஒரே பதிவில் இணைத்து வைக்கும் வசதி நூலகத் தரவுமுறையில் உண்டு. பழைய பதிவுகளில் இழந்த குறிகளை மீட்டு, அவற்றைத் தமிழ் எழுத்துக்கு மாற்றும் பணிக்கு நூலகரின் உழைப்பு மட்டும் போதாது. குறி இழந்த ஒரு சொல் எரியா, ஏரியா என்பதைத் தமிழ் கற்ற ஒருவரே தலைப்பின் பொருளறிந்து முடிவுசெய்ய இயலும். மொழியியலாளர் இப்பணியைத் தம் துறைக்குரிய பணியாகக் கொள்வாராயின், நூலகங்களில் இருந்தும் தேடலில் எட்டாத தமிழ் நூல்கள் பல ஆய்வுக்கு வந்து சேரும்.