லயத்து அடுப்பும் கோதுமை ரொட்டியும்

மலையகத்து மக்களின் உணவு யாதென வினவினால், ரொட்டியும் சம்பலும் தேநீரும் என்று பலரும் தயங்காது விடை கூறுவர். தேயிலைக் கன்றோடு ரொட்டியும் அம்மலைகளில் ஏறிவிட்டதென்பது போன்றதோர் எண்ணம் நம்மிடையே நிலவுகின்றது. ஆராயுமிடத்து அது பொருந்துவதாக இல்லை. ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவிலே தேயிலையைத் தோட்டப் பயிராக நட்டது 1867 ஆம் ஆண்டில். கோதுமை ரொட்டி லயத்து அடுப்பில் நிலைபெற்றதோ, அதற்கு முக்கால் நூற்றாண்டு கழித்து மூண்ட ஓர் உலகப் போரினால்.

திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, புதுக்கோட்டை முதலிய வறண்ட சீமைகளிலிருந்து கங்காணிமாரின் பின்னே நடந்து வந்தவர்கள் இம்மக்களின் முன்னோர். ஊரிலே அவர்கள் அறிந்தவை கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும் ஆகும். தோட்டத்திலோ அவர்களுக்கு அரிசியே அளக்கப்பட்டது. இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கொழும்புக்குக் கப்பலில் வந்த அரிசி, முன்னாளில் மாட்டுவண்டியிலும், 1884 இல் அட்டனுக்குப் புகைவண்டி வந்தபின் தண்டவாளத்திலும் மலையேறிற்று. அதன் விலை கூலியிலே கழிக்கப்பட்டது. 1927 ஆம் ஆண்டுக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம், நாட்கூலியோடு அரிசி வழங்கும் விலையையும் வரையறை செய்ய வேண்டியிருந்தது என்றால், அரிசி அங்கே கூலியின் ஒரு பாதியாகவே கருதப்பட்டது என்பது விளங்கும்.

ஆனால் அரிசிக்கும் தோட்டத்து விடியலுக்கும் பொருத்தமில்லை. சிவனொளிபாத மலையின் அடிவாரத்திலே, ஏறக்குறைய 4000 அடி உயரத்தில் அமைந்துள்ள நல்லதண்ணியை எடுத்துக்கொள்வோம். மார்கழி முதல் வைகாசி வரை யாத்திரிகர் செல்லும் பாதையின் விளக்கு வரிசையை நாடெங்கும் அறியும். ஆண்டு முழுவதும் விடியுமுன் லயங்களிலே ஏற்றப்படும் விளக்குகளையோ அயலார் அறியார். தப்போசை கேட்டதும் பெரட்டுக்களத்தில் நிற்றல் வேண்டும். பிந்தினால் அன்றைய பேர் இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில், மழையில் நனைந்த விறகை ஊதி ஊதிச் சோறு வடிக்க நேரம் ஏது? அவ்வுயரத்திலே தண்ணீர் 96 பாகையளவிலேயே கொதித்துவிடுமாதலால் அரிசியும் பருப்பும் வேகச் சற்று அதிகமாகவே நேரமெடுக்கும். ஆகவே இரவில் ஆக்கிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் உண்பதே எளிய வழி. சமவெளியின் வெயிலுக்குப் பழஞ்சோறு அமிர்தம். மலையகத்துப் பனிக்கு அது அத்துணை உகந்ததன்று.

1942 மார்ச்சு மாதத்தில் ஐப்பானியரிடம் இரங்கூன் வீழ்ந்தது. பர்மிய அரிசி நின்றது. அவ்வாண்டிலேயே இலங்கையில் உணவுப் பங்கீடு வந்தது. அரிசிக் குறையை நிரப்ப ஆஸ்திரேலியக் கோதுமை மா இறக்குமதியாயிற்று. அரிசி உண்ட மக்களின் கையிலே வெள்ளை மாவைக் கொடுத்தவர்கள், அதை எவ்வாறு உண்பது என்று கற்பித்தார்களில்லை. அதைக் கண்டறிந்தவர்கள் லயத்துப் பெண்களே.

அவர்கள் கண்டது எளியது. மாவோடு உப்பும் கையளவு தேங்காய்த் துருவலும் சேர்த்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, உருண்டை பிடித்து, உள்ளங்கையால் தட்டிக் கல்லில் இடுவது. அரிசி மாவும் கேழ்வரகு மாவும் இவ்வாறு இழுபட்டு ஒட்டி நில்லா. கோதுமைக்கே அந்தப் பசை உண்டு. கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறு அடுப்பில் சடசடவென்று எரிந்து விரைவில் தணியும். சோற்றுப் பானைக்குப் போதாத அந்நெருப்பு ரொட்டிக் கல்லுக்குப் போதும். ஒரு பக்கம் வேகும் வேளைக்குள் செத்தல் மிளகாயும் வெங்காயமும் அம்மியிலே சம்பலாகிவிடும். அரைமணிப் பொழுதுக்குள் குடும்பத்துக்கு வேண்டிய சுடுசோறு அன்று, சுடுரொட்டி ஆயத்தம்! பிள்ளைக்குச் சீனி தூவி ஒன்று. கணவனுக்குப் பச்சைமிளகாய் அரிந்து கலந்து ஒன்று. கொழுந்துமலைக்குக் கொண்டுபோகத் தடிப்பாகத் தட்டித் துணியில் முடிந்தவை இரண்டு. நின்றபடி உண்ணலாம், கை கழுவவும் தேவையில்லை. தேங்காய் அம்மலைகளில் காய்ப்பதில்லை, கீழ்நாட்டிலிருந்தே வரவேண்டும். ஆதலால் துருவலின் அளவைக் கொண்டு அந்த வீட்டுக்குச் சம்பளம் வந்த நாளை ஊகித்துவிடலாம். வறுமையின் உணவு என்று இதனை இரங்கிப் பேசுவோர் உளர். விடியற்குளிரிலே தம் கையால் சுட்டதைச் சூடாறாமல் தம் மக்களுக்கு ஊட்டிய இன்பத்தை அவர்கள் கணக்கிற் சேர்ப்பதில்லை.

எனினும் வேற்று நாட்டு மாவிலே நாவைப் பழக்கியதற்குக் கொடுத்த விலை சிறிதன்று. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் தானிய விலை ஏறியபோது பங்கீட்டு மா சுருங்கிற்று. கிராமத்தவருக்கு மரவள்ளி நடக் கொல்லையிருந்தது. லயத்தவருக்கு வாசற்படிக்கு அப்பால் எல்லாம் தோட்டத்துக்கே உரியது. பட்டினியால் பலர் மாண்டனர்; 1974 இல் தோட்டப்பகுதிகளின் இறப்பு வீதம் பெரிதும் உயர்ந்தது. 1980 இல் திருகோணமலையிலே பிறிமா மாவாலை இயங்கத் தொடங்கிய பின்னர் மா தாராளமாகக் கிடைத்தது. மீண்டும் 2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் ஒரு கிலோ மா ஏறக்குறைய 400 ரூபாவைத் தொட்டது. அந்நாளில் தோட்டத்து நாட்சம்பளம் 1000 ரூபா. ஒரு நாள் உழைப்புக்கு இரண்டரைக் கிலோ மா!

இந்நாளில் பல காம்பராக்களிலே எரிவாயு அடுப்பு வந்துவிட்டது. மலையகத்து இளைஞர் பலர் கொழும்பிலே கடைகளிலும் உணவகங்களிலும் வேலை பார்த்து, நெருக்கமான வாடகை அறைகளில் வாழ்கின்றனர். இரவு கடை அடைத்துத் திரும்பியதும் ஒரு சிறு அடுப்பை மூட்டி, பொதியிலிருந்து இரண்டு கை மாவை அள்ளி, உப்பும் தண்ணீரும் விட்டுப் பிசையத் தொடங்குகிறார்கள். அளவுக்கு அவர்கள் சுண்டைத் தேடுவதில்லை. தாயின் கை எத்தனை முறை மாப்பொதிக்குள் சென்று வந்ததென்பது அவர்களுக்கு நினைவிருக்கின்றது.