ஏழு வயதும் ஒரு முறைப்பும்

ஆசிரிய நண்பர்களே, ஏழு வயதுப் பையன் என்றால் உங்களுக்குத் தொடக்கநிலை 1. எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயசு. அண்மைக்காலம் வரை அந்த வயதிலேயே ஒரு பிள்ளைமீது குற்றம் சாட்ட சிங்கப்பூர்ச் சட்டம் இடம் கொடுத்தது.

அந்த 'ஏழு' இங்கே பிறந்ததில்லை. 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 82ஆம் பிரிவு, ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்வது குற்றமாகாது என்றது. அதைப் பின்பற்றிய தண்டனைச் சட்டம் 1872இல் இங்கும் நடப்புக்கு வந்தது. அடுத்த பிரிவான 83 இன்னும் சுவையானது. ஏழுக்கு மேல், பன்னிரண்டுக்குள் என்றால், செய்வது இன்னதென்று புரியும் முதிர்ச்சி பிள்ளைக்கு இருந்ததா என்று பார்க்க வேண்டும். தண்டனைச் சட்டத்துக்குள்ளே ஓர் உளவியல் கேள்வி! ஆனால் அந்தப் பையனை அப்புறம் என்ன செய்வது என்று அது சொல்லவில்லை.

சிகாகோவில் 1899இல் சிறாருக்கெனத் தனி நீதிமன்றம் வந்தது. சென்னை மாகாணம் 1920இல் குழந்தைகள் சட்டம் இயற்றியது. இந்தியாவிலேயே அதுதான் முதல். சிங்கப்பூரின் சிறுவர், இளையர் சட்டம் 1949இல் வந்தது.

சரி, கை நீட்டுகிற பையனுக்குள் என்னதான் நடக்கிறது? 1980இல் அமெரிக்க உளவியலாளர் கென்னத் டாட்ஜ் ஓர் ஆய்வை வெளியிட்டார். பையன்கள் அடுக்கிக்கொண்டிருந்த புதிரை இன்னொரு பையன் கலைத்துவிட்டதாக அவர்களை நம்பவைத்தார். வேணும்னே கலைத்தான் என்று தெரிந்தபோது எல்லாருக்கும் கோபம் வந்தது. நோக்கம் என்னவென்றே தெரியாதபோதுதான் வித்தியாசம். முரட்டுப் பையன்கள் அதையும் பகையாகவே எடுத்துக்கொண்டார்கள், மற்றவர்கள் விட்டுவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்காவில் தோள் இடிபடாமல் நடக்க முடியுமா? பலருக்கு அது வெறும் இடி. சிலருக்குச் சவால். "என்னடா முறைக்கிற?" என்று தொடங்கி ஆயுதத்தில் முடியும் சண்டைகள் நம் நாளிதழ்களுக்குப் புதிதல்ல. அதனால்தான் இத்தகைய இளையர்களுக்கான பயிற்சிகளில், "அவன் பார்த்ததற்கு வேற என்ன காரணம் இருக்கலாம்?" என்று நின்று யோசிக்கப் பழக்குகிறார்கள். படக்கட்டுரை நடத்தும்போது நாமும் இதைத்தானே கேட்கிறோம்!

பகையை முதலில் பார்க்கிற கண் பெரும்பாலும் வீட்டில் பழகியது. வீட்டையும் சேர்த்துப் பார்க்கச் சட்டம் நாளெடுத்துக்கொண்டது. 2019இல் நிறைவேறிய திருத்தம் ஏழைப் பத்தாக்கியது. 'பெற்றோர் கட்டுக்கு அடங்காத பிள்ளை' என்ற பழைய பெயரும் 2020இல் போய், 'குடும்ப வழிகாட்டுதல் உத்தரவு' வந்தது. எனக்கு இந்தப் பெயர்மாற்றம் வயது மாற்றத்தைவிடப் பெரிதாகப் படுகிறது. பழைய பெயரில் குற்றம் முழுக்கப் பிள்ளைமேல். புதியதில் பெற்றோரும் வந்து உட்கார வேண்டும்.

நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்த 120 சிங்கப்பூர் இளையர்களைக் கொண்டு நடத்திய ஓர் ஆய்வு 2021இல் வெளிவந்தது. அதில் ஒரு பகுதியினருக்கு, வீட்டார் ஒருவரையொருவர் பழிப்பதை முதலில் தணித்துவிட்டு மற்றதைப் பேசும் குடும்பச் சிகிச்சை கிடைத்தது. வழக்கமான சேவை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களே கண்காணிப்புக் காலத்தை அதிகமாக நல்லபடி முடித்தார்கள்.