தாயம் விழுந்த பிறகு

மேலிருந்து பார்க்கும் நிலவறை, ஒவ்வொரு முறையும் மாறும் அறைகள், இறந்தால் மீண்டும் முதலிலிருந்து என்று அமைந்த கணினி ஆட்டங்களில் ஆடுபவருக்கு உண்மையில் எவ்வளவு சுதந்திரம் இருக்கிறது? இது புதிய கேள்வி போலத்தான் தோன்றுகிறது. ஆனால் சோகியும் தாயக்கட்டையும் உருட்டிய நம் முன்னோர் இதற்கு ஆட்ட விதிகளாலேயே விடை சொல்லியிருந்தார்கள். தற்செயலை ஒழிப்பதால் சுதந்திரம் வருவதில்லை, தெரிவுகளைப் பெருக்குவதாலும் வருவதில்லை. கட்டை விழுந்த பிறகு, திரும்பப் பெற முடியாத ஒரு முடிவை ஆடுபவரிடம் விட்டுவைப்பதில்தான் அது இருக்கிறது.

நம்மிடம் மூன்று வகை ஆட்டங்கள் அருகருகே இருந்தன. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடும் பரமபதத்தில் ஆடுபவர் முடிவு செய்ய ஒன்றுமில்லை. விழுந்த எண் ஏணிக்கோ பாம்புக்கோ கொண்டுபோகும். வினைப்பயனைக் கற்பிக்கப் பிறந்த பலகைக்கு அது பொருத்தமே. மறுமுனையில் பல்லாங்குழி. பதினான்கு குழிகளும் கண்முன்னே திறந்து கிடக்க, தற்செயலுக்கு அங்கே இடமில்லை. சிங்களவர் அதையே குன்றிமணி இட்டு ஒலிந்த கெலிய என்று ஆடினர். இலங்கையில் நீர்ப்பாசன அதிகாரியாக இருந்த ஹென்றி பார்க்கர் 1909இல் வெளியிட்ட பண்டைய இலங்கை பற்றிய ஆங்கில நூலில் இத்தீவின் பலகை ஆட்டங்களையும் பதிந்து வைத்தார். இந்த இரு முனைகளுக்கும் நடுவில் நிற்பது தாயம். சோகி குலுக்கி ஆடும் சிங்களவரின் பஞ்சவும் அதே இடத்தில்தான். இலங்கையின் கல்கிசை, வெள்ளவத்தை போலத் தமிழரும் சிங்களவரும் அயலவராக வாழும் இடங்களில் புத்தாண்டும் ஒரே நாளில் வருகிறது, ஆட்டத்தின் அடிப்படையும் ஒன்றாக இருக்கிறது.

தாயத்தின் விதிகளை உற்றுப் பார்க்க வேண்டும். இரண்டு பித்தளைக் கட்டைகள், ஒவ்வொன்றிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என நான்கு முகங்கள். ஒரு கட்டையில் வெறுமையும் மற்றதில் ஒன்றும் விழுந்தால்தான் தாயம். பதினாறு வாய்ப்புகளில் இரண்டு. அதுவரை காய் பலகைக்குள் இறங்காது. இதுவரை ஆட்சி முழுவதும் கட்டையினுடையது. ஆனால் ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம். சேர்ந்த எண்களை எந்தக் காய்க்கு எப்படிப் பிரித்துக் கொடுப்பது, எதிரியை வெட்டுவதா, குறியிட்ட கட்டத்தில் பாதுகாப்பாக ஏறி நிற்பதா என்பதெல்லாம் ஆடுபவர் கையில். ஒருமுறையாவது வெட்டாதவர் பழம் எடுக்க, அதாவது காயைக் கரைசேர்க்க, முடியாது என்ற விதி இன்னும் கூர்மையானது. ஒதுங்கியே ஓடிக் கரைசேரும் வழியை அது அடைத்துவிடுகிறது. வழியை அடைப்பது சுதந்திரத்தைக் குறைக்கும் என்று தோன்றலாம். நடைமுறையில், ஆபத்தை எப்போது ஏற்பது என்ற முடிவை ஒவ்வொருவர் மீதும் சுமத்தி, ஆட்டத்துக்கு உயிர் கொடுப்பதே அந்த விதிதான். தாயத்துக்கு உறவான பச்சீசி ஆட்டத்தை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் லூடோவாக மாற்றியவர்கள், கூட்டாளியை விட்டுவிட்டு ஒற்றைப் பகடையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். விதி எளிதானது, ஆடுபவர் சிறுத்துப்போனார்.

1980 அளவில் கலிபோர்னியாவில் மைக்கேல் டாய், கிளென் விச்மன் என்ற மாணவர்கள் தொடக்கத்தில் சொன்ன வகைக் கணினி ஆட்டமான ரோக்கை எழுதினார்கள். பின்னர் கென் ஆர்னல்ட் சேர்ந்துகொண்டார். படைத்தவரையே வியக்கவைக்கும் ஆட்டம் வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். அறைகளைக் கணினி தற்செயலாக அடுக்கும். சிவப்பு மருந்து இந்த முறை குணமாக்கும், அடுத்த முறை கண்ணை மறைக்கும். உணவு தீர்வதால் ஓரிடத்தில் காத்திருக்கவும் முடியாது. இறந்தால் சேமிப்பும் போய்விடும். தெரியாத மருந்தைக் குடிப்பதா, வைத்திருப்பதா? வெட்டப்போகும் காயைத் திறந்த கட்டத்தில் விடுவதா என்ற அதே தவிப்புத்தான் இது. ரோக்கை எழுதியவர்கள் தாயத்தை அறிந்திருக்கத் தேவையில்லை. வழிவழித் தொடர்பு ஒன்றை நான் கோரவும் இல்லை. ஒரே சிக்கலை எதிர்கொண்ட இரு மரபுகள் ஒரே தீர்வுக்கு வந்தன என்பதே என் வாதம்.

தற்செயல் ஆளும் இடத்தில் சுதந்திரம் வெறும் மயக்கம் என்பார்கள் சிலர். அப்படியானால் திறமையால் வேறுபாடு வரக்கூடாது. ஆனால் ரோக்கின் வழியில் 1987இல் வந்த நெட்ஹேக்கில் தேர்ந்த ஆட்டக்காரர்கள் அடுத்தடுத்துப் பல ஆட்டங்களை வென்றிருக்கிறார்கள், புதியவர்களோ தொடக்கத்திலேயே மடிகிறார்கள். பரமபதத்தில் இப்படி நடக்கவே முடியாது. வேலைக்குப் போகிறவரின் சில மணிநேர உழைப்பை ஒரு சாவு துடைத்தெறிவது கொடுமை என்ற மறுப்பு இதைவிட வலுவானது. அதை ஏற்கத்தான் வேண்டும். அதற்கான மருந்து தாயம் போல ஓர் அமர்வில் முடியும் ஆட்டம். தவறிய ஒவ்வொரு அடியையும் சேமிப்பிலிருந்து திரும்ப எடுக்கும் வசதியை மருந்தாகக் கொள்ள முடியாது. எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்ற இடத்தில் முடிவெடுப்பதற்கே பொருளில்லாமல் போகிறது.

தாயத்தில் எத்தனை வெட்டுக்குப் பிறகு பழம், எந்த எண்ணுக்கு மறு உருட்டல் என்பவை வீட்டுக்கு வீடு மாறும், பெரும்பாலும் எழுதப்படாதவை. வரும் சித்திரையில் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு அந்த விதிகளை எழுதி வையுங்கள்.