ஜிப்சம் போர்டு சுவருக்கு எந்த ஸ்க்ரூ சரி? வேலை தொடங்கும் முன் இதை கவனிங்க!

ஹாலை இரண்டாகப் பிரிக்கணும், ஆபீஸில் கேபின் போடணும் என்றால் பலரும் இப்போது ஜிப்சம் போர்டு பார்ட்டிஷன் பக்கம் போகிறார்கள். போர்டு என்ன ரேட் என்று நாலு கடையில் விசாரிப்பவர்கள், அதைப் பிடித்து நிற்கப்போகும் ஸ்க்ரூவைப் பற்றி ஒரு கேள்விகூட கேட்பதில்லை. பெயின்ட் அடித்து சில மாதத்தில் புள்ளி புள்ளியாகப் புடைப்பும் விரிசலும் வரும்போதுதான் தவறு தெரிகிறது.

மரத்துக்குப் போடும் ஸ்க்ரூ போதாதா?

போதாது. மரத்துக்கான ஸ்க்ரூவில் மரை அகலமாக இருக்கும். பார்ட்டிஷனுக்குள் நிற்கும் இரும்பு சேனலோ மெல்லிய தகடு. அதைக் கவ்விப் பிடிக்க நெருக்கமான மரை உள்ள டிரைவால் ஸ்க்ரூதான் வேண்டும். ஆணி இதில் நிற்கவே நிற்காது.

எவ்வளவு நீளம்?

போர்டின் தடிமனைத் தாண்டி குறைந்தது 10 மி.மீ. ஸ்க்ரூ உள்ளே போகணும். 12.5 மி.மீ. போர்டு ஒரு அடுக்கு என்றால் 25 மி.மீ. ஸ்க்ரூ. இரண்டு அடுக்கு என்றால் மேல் போர்டுக்கு 35 மி.மீ.

முனையையும் பாருங்க

வழக்கமான மெல்லிய சேனலுக்குக் கூர்முனை ஸ்க்ரூ போதும். தகடு தடிமனாக இருந்தால் கூர்முனை வழுக்கும். அங்கே டிரில் முனை உள்ள ஸ்க்ரூ தேவை. பாத்ரூம், சமையலறை போன்ற ஈரம் படும் இடங்களில் சாதாரண கறுப்பு ஸ்க்ரூ துருப்பிடிக்கலாம். துருவைத் தாங்கும் பூச்சு உள்ளதைக் கேட்டு வாங்கணும்.

எத்தனை அடிக்கணும்?

சுவரில் சுமார் 300 மி.மீ.க்கு ஒன்று, சீலிங்கில் 230 மி.மீ.க்கு ஒன்று. சீலிங்கில் போர்டின் எடை முழுக்க ஸ்க்ரூவில் தொங்குவதால் அங்கே இடைவெளியைக் கூட்டவே கூடாது. போர்டு ஓரத்திலிருந்து 10 மி.மீ.யும், வெட்டிய முனையிலிருந்து 15 மி.மீ.யும் தள்ளி அடிக்கணும்.

அதிகம் நடக்கும் தவறு

'நல்லா டைட்டா இருக்கட்டும்' என்று அழுத்துவதுதான்! ஸ்க்ரூவின் தலை காகிதத்துக்குச் சற்றுக் கீழே இறங்கினால் போதும். காகிதம் கிழிந்தால் பிடிமானம் போய்விடும். அப்படி ஆனால், சற்றுத் தள்ளி இன்னொன்று அடிங்க.

அதனால் போர்டு வந்து இறங்கும் அன்றே ஸ்க்ரூ பெட்டியையும் ஒருமுறை திறந்து பார்த்துடுங்க. பட்டி பார்த்து பெயின்ட் அடித்த பிறகு எதுவும் கண்ணில் படாது.